முதுகைப் பார்த்து வாங்குங்கள்: விக்டோரியா கால ஸ்டாஃபர்ட்ஷையர் பொம்மைகள் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய ஜோடி நாய்ப் பொம்மை பன்னிரண்டு பவுண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வயல்வெளியில் காரின் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுச் சாமான் விற்பார்களே, அப்படியொரு சந்தை. விற்றவர் "பாட்டி வீட்டுச் சாமான், நூற்றைம்பது வருஷம் இருக்கும்" என்றார். வெள்ளை உடம்பு, செம்பட்டைக் காது, கழுத்தில் தங்கச் சங்கிலி, மேலெல்லாம் வலை பின்னியது போல வெடிப்பு. பழசேதான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. வெடிப்புகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு. என் அண்ணன் மகனைவிட வயதில் சின்ன நாய்கள்.

அந்தப் பன்னிரண்டு பவுண்டுக்கு ஒரு பாடம் கிடைத்தது. இந்தப் பொம்மைகளில் முகம் விற்பதற்காகச் செய்தது. முதுகும் அடியும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டது. அதனால் உண்மை அங்கேதான் இருக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த முதுகுக்கே திரும்பி வரும்.

எதைச் சேகரிக்கப் போகிறோம்

விக்டோரியா ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அந்தக் காலத்தில் பல நாடுகளில், பல வகையில் பொம்மைகள் செய்தார்கள். ஆனால் சேகரிப்பவர்கள் இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் மனதில் இருப்பது ஸ்டாஃபர்ட்ஷையர் பொம்மைதான். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையர் மாவட்டத்தில் டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹேன்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று அடுத்தடுத்து ஆறு ஊர்கள். நிலக்கரியும் களிமண்ணும் அங்கேயே கிடைத்ததால் ஊரெல்லாம் சூளை. இன்றைக்கும் அந்தப் பகுதிக்கு 'பாட்டரீஸ்' என்றே பெயர். 1910-இல் ஆறையும் சேர்த்து ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஆக்கினார்கள்.

இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பீங்கான் கிடையாது. வெள்ளைக் களிமண்ணில் செய்து சுட்டு, மேலே கண்ணாடி போன்ற கிளேஸ் பூசிய மண்பாண்ட வகை. பணக்காரர் வீட்டில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் இருந்தது. சுரங்கத் தொழிலாளி வீட்டில் கணப்படுப்புக்கு மேலே உள்ள பலகையில் இது இருந்தது. விலை குறைவு, நிறம் அதிகம், நுணுக்கம் கொஞ்சம்தான். எனக்கு இதில் பிடித்ததே அந்த அலட்சியம்தான். கண் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். ராணிக்கும் இடையனின் மனைவிக்கும் ஒரே உதடு.

இரண்டு தூரத்து உறவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பேரியன். 1840-களில் கோப்லாண்ட், மின்டன் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்த, கிளேஸ் போடாத வெள்ளைப் பீங்கான். பளிங்குச் சிலையை வீட்டுக்குள் வைக்கும் ஆசைக்கு மலிவான வழி. நிறுவனத்தின் முத்திரை பெரும்பாலும் அடியிலோ பின்பக்கத்திலோ இருக்கும் என்பதால் புதியவர்களுக்கு இது பயமில்லாத இடம். இரண்டாவது, ஃபேரிங். ஜெர்மனியின் போஸ்நெக் ஊரில் கோன்டா அண்ட் போமே நிறுவனம் செய்து, இங்கிலாந்துத் திருவிழாக் கடைகளில் விற்ற சின்னப் பீங்கான் பொம்மைகள். அடிப்பீடத்தில் ஆங்கிலத்தில் கணவன் மனைவி நகைச்சுவை ஒரு வரி எழுதியிருக்கும்.

எது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகலப் பாவாடை விரித்து, தொப்பியும் விசிறியுமாக நிற்கும் பளபளப்பான பெண் பொம்மைகளை இணையத்தில் "விக்டோரியன்" என்று போட்டு விற்கிறார்கள். உடைதான் விக்டோரியா காலம். பொம்மை 20-ஆம் நூற்றாண்டு. ராயல் டோல்டன் நிறுவனத்தின் புகழ்பெற்ற எச்.என். வரிசையே தொடங்கியது 1913-இல்தான்.

முதல் படி: வாங்காமல் ஆறு மாதம் பார்ப்பது

ஹேன்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். லாங்டனில் கிளாட்ஸ்டோன் என்ற பழைய பானைத் தொழிற்சாலையையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். புட்டி வடிவச் சூளைக்குள் நின்று பார்க்கலாம். லண்டனில் வி அண்ட் ஏ, அதாவது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம். பிரைட்டனில் ஹென்றி வில்லெட் என்பவர் சேர்த்த மண்பாண்டத் தொகுப்பு; அரசியல், குற்றம், மதம் என்று விஷயவாரியாக அடுக்கியது. இங்கிலாந்து போக முடியாதவர்கள் இந்த அருங்காட்சியகங்களின் இணையப் பக்கத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பின்பக்கப் படம் போட்டிருந்தால் அதை முதலில் திறங்கள்.

ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து எடை தெரியாது. அதற்கு ஏலக்கூடத்தின் பார்வை நாள்தான் சரி. ஏலத்துக்கு முந்தைய நாள் யார் வேண்டுமானாலும் போய்ப் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், வாங்க வேண்டியதில்லை. நான் ஆறு மாதம் அப்படியே சுற்றினேன். காசில்லாமல் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது படி: எப்படிச் செய்தார்கள் என்று புரிந்துகொள்வது

நம் ஊர்க் கொலு பொம்மையை உள்ளே பார்த்தவர்களுக்கு இது எளிது. பண்ருட்டிப் பக்கம் அச்சில் களிமண்ணை அழுத்தி, முன்பாதியும் பின்பாதியும் எடுத்து ஒட்டுவார்களே, ஸ்டாஃபர்ட்ஷையரிலும் அதேதான். ரொட்டி தட்டுவது போல மண்ணைத் தகடாகத் தட்டி, பிளாஸ்டர் அச்சுக்குள் விரலால் அழுத்துவார்கள். இரண்டு பாதியையும் சேர்த்துக் கூழ் மண்ணால் தையலை அடைப்பார்கள். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று வெளியேற ஒரு சின்னத் துளை, பெரும்பாலும் குண்டூசித் தலை அல்லது மிளகு அளவுக்கு, அடியிலோ முதுகிலோ இருக்கும்.

விக்டோரியாவுக்கு முந்தைய பொம்மைகள் நாலாபுறமும் உருவம் கொண்டவை. கை தனி, கால் தனி, பின்னால் இலைக்கொத்து தனி. பத்துப் பதினைந்து அச்சுத் துண்டுகள் தேவைப்பட்டன. 1840-களில் ஒரு குறுக்குவழி வந்தது. பலகையில் சுவரோரம் வைக்கப்போகிற பொம்மைக்கு முதுகு எதற்கு? கைகளை உடம்போடு ஒட்டிவிடு, முதுகைத் தட்டையாக விடு, வர்ணம் பூசாதே. இரண்டு மூன்று அச்சில் வேலை முடிந்தது. இதைத்தான் 'பிளாட்பேக்' என்கிறார்கள். தட்டை முதுகு.

வர்ணம் இரண்டு வகையில் ஏறியது. கிளேஸுக்கு அடியில் போன ஒரே முக்கிய நிறம் கோபால்ட் நீலம். அது கிளேஸோடு உருகிக் கலந்திருக்கும், நகத்தால் தடவினால் மேடு தெரியாது. மற்ற நிறங்கள் கிளேஸுக்கு மேலே பூசி, 700–800 டிகிரி அளவிலான குறைந்த சூட்டில் மறுபடி சுட்டவை. அவை கொஞ்சம் மேடாக நிற்கும், சில இடங்களில் செதிலாக உரிந்திருக்கும். கடைசியாகத் தங்கம்.

இதையெல்லாம் செய்த கைகளில் பல குழந்தைகளுடையவை. 1841-இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அரசு ஆய்வாளர் பாட்டரீஸ் பகுதிக்கு வந்து வேலைச் சிறுவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார். தொழிற்சாலைச் சட்டம் மண்பாண்டத் தொழிலுக்கு வந்தது 1864-இல்தான். முதுகின் உள்ளே தெரியும் விரல் தடத்தைப் பார்க்கும்போது சில சமயம் அது மிகச் சிறியதாக இருக்கும். நான் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் உடைந்திருப்பதால்தான் உள்ளே தெரிகிறது.

மூன்றாவது படி: ஒரு வட்டம் போட்டுக்கொள்வது

எல்லாவற்றையும் வாங்கினால் ஒரு வருஷத்தில் வீடும் பணமும் நிறைந்து போகும். முன்னது நிறைந்து, பின்னது காலியாகி என்று திருத்திக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது.

நாய்கள் எல்லோரும் தொடங்கும் இடம். விக்டோரியா இளவரசியாக இருந்தபோது வளர்த்த டாஷ் என்ற ஸ்பேனியல் நாய் பிரபலமானது. அந்த இன நாய்கள் வீடு வீடாக மண்ணில் வந்து உட்கார்ந்தன. ஸ்காட்லாந்தில் 'வாலி டக்' என்று செல்லப் பெயர். மரப்பாச்சி போல இவையும் ஜோடிதான்: ஒன்று இடப்பக்கம் பார்க்கும், ஒன்று வலப்பக்கம். ஒற்றை நாய் விலை பாதிக்கும் கீழே. முன்னங்கால் ஒன்று உடம்போடு ஒட்டாமல் தனியாக நிற்பது மேல் வகை. அச்சு வேலை அதிகம். கண்ணாடிக் கண் வைத்தது பிற்காலத்தது. ஆனால் போலியும் நாயில்தான் அதிகம் என்பதை என் மேசையே சொல்லும்.

அடுத்தது மனிதர்கள். அன்றைக்குச் செய்தித்தாளில் யார் படம் வந்ததோ, சில வாரத்தில் அவர் பொம்மையாகிவிடுவார். பொம்மை செய்தவர்கள் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. மரச்செதுக்குப் படமோ பாட்டுப் புத்தகத்தின் அட்டையோ போதும். ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போர் (1853–56) வந்ததும் விக்டோரியா, துருக்கி சுல்தான் அப்துல் மெஜித், பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் மூவரும் சேர்ந்து நின்றார்கள். 1864-இல் இத்தாலியப் போராளி கரிபால்டி லண்டனுக்கு வந்தார், குதிரையோடு பொம்மையானார். பாடகி ஜென்னி லின்ட், பிரசங்கி ஸ்பர்ஜன், வழிப்பறிக்காரன் டிக் டர்பின் எல்லோரும் ஒரே பலகையில்.

எனக்குப் பிடித்தது குற்றவாளிகள் வரிசை. 1848-இல் நார்ஃபோக்கில் ஸ்டான்ஃபீல்ட் ஹால் மாளிகையில் தந்தையையும் மகனையும் சுட்டுக் கொன்ற ஜேம்ஸ் ரஷ், அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டான். அவனுக்கும் பொம்மை, அவன் குடியிருந்த பொட்டாஷ் பண்ணைக்கும் பொம்மை, கொலை நடந்த மாளிகைக்கும் பொம்மை. மண்ணில் செய்த மாளிகையைப் பார்த்தால் கேக் போல அழகாக, பூச்செடியெல்லாம் ஏறி இருக்கும். பாட்டரீஸுக்குப் பக்கத்து ஊரான ரூஜ்லியில் நஞ்சு வைத்துக் கொன்ற டாக்டர் வில்லியம் பால்மர் 1856-இல் தூக்கிலேறியபோது, அவன் வீட்டையும் இவர்கள் விடவில்லை. 1850-இல் சாத்தம் ஊரில் விலங்குக் காட்சிக் கூண்டில் புலி கடித்து இறந்த பதினேழு வயது எலன் பிரைட்டும் 'சிங்க ராணியின் மரணம்' என்று பலகை ஏறினாள். கொன்றது புலி என்றாலும் தலைப்பு பட்டப்பெயரோடுதான் நின்றது.

தலைப்பை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் உருவத்தின் அடியில் 'வாஷிங்டன்' என்று எழுதி விற்றிருக்கிறார்கள். அமெரிக்காக்காரர் யாராக இருந்தால் என்ன என்று இருந்திருக்கும். குதிரை அச்சில் கோடு போட்டு வரிக்குதிரை ஆக்கியதும் உண்டு. பிடரி மட்டும் குதிரைப் பிடரியாகத் தொங்கும்.

நம்மோடு தொட்டுக்கொள்ளும் பொம்மைகளும் இருக்கின்றன. 1857 கிளர்ச்சியை ஒட்டி ஹேவ்லாக், கோலின் கேம்பல் போன்ற தளபதிகள் பொம்மையானார்கள். அதற்கும் முன்னால், 1820-களையும் 30-களையும் ஒட்டி வந்த ஒன்று 'மன்ரோவின் மரணம்': புலி ஒரு சிவப்புச் சட்டைக்காரனின் தலையைக் கவ்விக்கொண்டு நிற்கும். 1792-இல் வங்காளத்தின் சாகர் தீவில் புலி அடித்து இறந்த இளைஞனைத்தான் செய்திருக்கிறார்கள். அவன் தந்தை சர் ஹெக்டர் மன்ரோ, 1780-இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அழித்தபோது காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் உதவ முடியாமல் சென்னைக்குப் பின்வாங்கியவர். வி அண்ட் ஏ-வில் இருக்கும் திப்புவின் மரப்புலிக்கு இந்தச் சாவுதான் தூண்டுதல் என்று சொல்வதுண்டு. விலையெல்லாம் நமக்கு எட்டாது. பார்த்துவிட்டு வரலாம்.

நான்காவது படி: கையில் எடுத்துச் சோதிப்பது

முதலில் அடிப்பீடத்தைப் பிடித்துத் தூக்குங்கள். தலையைப் பிடித்துத் தூக்கினால் கடைக்காரர் முகம் மாறும். பழைய ஒட்டு இருந்தால் தலை கையோடு வரும்.

போன வருஷம் ஒரு ஏலத்தில் பார்த்த ஒரு பொம்மையை வைத்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து உடையில் ஓர் ஆணும் பெண்ணும், நடுவில் சின்னக் கடிகார முகம். நிஜக் கடிகாரம் அல்ல, வெறும் வர்ணம். ஒரு முழங்கை உயரம். தூக்கியதும் எதிர்பார்த்ததைவிடக் கனம். அழுத்திச் செய்த சுவர் தடியாக இருக்கும், அதுவும் ஒரே சீராக இருக்காது. கவிழ்த்தேன். அடி உள்வாங்கி, கிளேஸ் பூசி, ஒரு ஓரத்தில் மிளகளவு துளை. தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் கிளேஸ் தேய்ந்து, அழுக்கு ஏறி, தடவினால் வழுவழுப்பு. அந்த விளிம்பில் சூளை மணல் இரண்டு துணுக்கு ஒட்டியிருந்தது. முதுகு வெள்ளை, சற்றே அலையலையாக. கிளேஸ் தேங்கிய மடிப்புகளில் லேசான நீலச் சாயல். ஆணின் சட்டை ஆழ்ந்த கோபால்ட் நீலம், தூரிகைப் போக்கு தெரிந்தது. பெண்ணின் பாவாடையில் சிவப்பு இரண்டு இடத்தில் உரிந்திருந்தது. தங்கம் மங்கல், மஞ்சளை ஒட்டிய மென்மை. பிடிக்கும் இடங்களில் மறைந்தே போயிருந்தது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது.

துளை: போலிகளில் பெரும்பாலானவை கூழ் மண்ணை அச்சில் ஊற்றி, மிச்சத்தை வடித்து எடுத்தவை. வடிப்பதற்குப் பெரிய ஓட்டை வேண்டும். சுவர் மெல்லிசு, எடை குறைவு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் வெளியே உள்ள மேடு பள்ளம் அப்படியே உள்ளேயும் தெரியும். அழுத்திச் செய்ததில் உள்பக்கம் விரல் தடத்தோடு தனிப்போக்காக இருக்கும். ஆனால் ஊற்றி எடுக்கும் முறை இந்தப் பொம்மைகளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. பெரிய ஓட்டை என்பதாலேயே போன வருஷத்து சாமான் என்று சொல்லிவிட முடியாது. 1850 என்று விற்றால் மட்டும் நம்பாதீர்கள்.

வெடிப்பு: கிளேஸில் விழும் மயிரிழைக் கோடுகள் உண்மைப் பொம்மையிலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். இருந்தால் ஓர் இடத்தில் நெருக்கம், ஓர் இடத்தில் ஒன்றுமில்லை, நிறம் ஏறியது சில கோட்டில் மட்டும். தலை முதல் வால் வரை ஒரே வலையாக, டீயில் முக்கியது போல இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். உண்மையிலேயே டீயில் முக்குகிறார்கள்.

நீலமும் தங்கமும்: ஆழ்ந்த கோபால்ட் 1840-கள், 50-களின் அடையாளம். 1860-க்குப் பிறகு அது அபூர்வம். பொம்மைகள் வெளுத்து, வெள்ளையும் கொஞ்சம் தங்கமுமாக ஆயின. தங்கமும் 1880-ஐ ஒட்டி மாறியது. பழைய தங்கம் மென்மை. பிறகு வந்த திரவத் தங்கம் கண்ணாடி போலப் பளபளக்கும், பித்தளைச் சாயல், ஒரு துணியால் நாலு தடவை தேய்த்தால் போய்விடும்.

தேய்மானம்: எங்கே தேய வேண்டுமோ அங்கே தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நூறு வருஷம் தூசி தட்டிய கை மூக்கையும் தோளையும்தான் தொட்டிருக்கும், அக்குளை அல்ல.

எழுத்து: பெரும்பாலான பொம்மைகளில் செய்தவர் பெயரே இருக்காது. முத்திரை இல்லை என்பது குறை அல்ல. 'இங்கிலாந்து' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா போட்ட மெக்கின்லி சட்டத்தின் விளைவு. 'மேட் இன் இங்கிலாந்து' என்றால் 20-ஆம் நூற்றாண்டு. 'பழைய ஸ்டாஃபர்ட்ஷையர்' என்று ஆங்கிலத்தில் தானே சொல்லிக்கொள்ளும் முத்திரையைக் கண்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மையான பழைய அச்சிலேயே பிற்காலத்தில் செய்தவை. பர்ஸ்லத்தின் கென்ட் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்து 1962 வரை பொம்மை எடுத்தது. லாங்டனில் சாம்ப்சன் ஸ்மித் தொழிற்சாலையில் 1948-இல் மூலையில் கிடந்த பழைய அச்சுகளைக் கண்டெடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். இவை மோசடி அல்ல, தொடர்ச்சி. ஆனால் விற்பவர் 1860 விலை கேட்டால் மோசடி. உருவம் சரியாக இருக்கும், அதனால் முகம் உதவாது. அச்சு தேய்ந்து விரல், முடி, பொத்தான் எல்லாம் மழுங்கியிருக்கும், வர்ணம் தட்டையாக, பளிச்சென்று ஒரே சீராக இருக்கும். அந்த நாள் வர்ணம் பூசியவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை.

ஐந்தாவது படி: ஒட்டைக் கண்டுபிடிப்பது

நூற்றைம்பது வருஷத்தில் கழுத்து முறியாத பொம்மை குறைவு. ஒட்டுப்போட்டதை ஒட்டுப்போட்டதாகச் சொல்லி விற்றால் வாங்கலாம், நானே பாதி விலைக்கு வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

பார்க்க வேண்டிய இடங்கள்: கழுத்து, மணிக்கட்டு, குதிரைக் கால், நாயின் மூக்கு, தொப்பி இறகு. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கிளேஸ் சில்லென்று இருக்கும், பெயின்ட் இருக்காது. பல்லில் மெதுவாகத் தட்டினால் கிளேஸ் 'டிக்' என்று கடினமாகப் பேசும், பூச்சு மந்தமாகப் பேசும். கடையில் இதைச் செய்யும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி இருட்டில் அடித்தால் பசையும் புதுப் பெயின்ட்டும் பெரும்பாலும் வேறு மாதிரி ஒளிரும். பழைய காலத்தில் கம்பித் தையல் போட்டு ஒட்டியிருந்தால் முதுகில் தெரியும். அதை நான் குறையாகவே நினைப்பதில்லை, யாரோ தூக்கிப் போட மனமில்லாமல் தைத்திருக்கிறார்கள்.

ஆறாவது படி: வாங்குவது

விலை விஷயத்தில் இப்போது வாங்குபவர் காலம். சாதாரணக் காதலர் ஜோடி, ஆடு மேய்ப்பவன், மாடு வகைகள் சிற்றூர் ஏலங்களில் 30 முதல் 80 பவுண்டுக்குப் போவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். முப்பது வருஷம் முன்பு இதைவிட அதிகம் கொடுத்தவர்கள் இப்போது விற்க வந்து முகம் வாடிப் போகிறார்கள். அபூர்வ மனித உருவங்களும், விக்டோரியாவுக்கு முந்தைய கூட்டுப் பொம்மைகளும் மட்டும் இறங்கவில்லை. லாபத்துக்கு வாங்குகிறேன் என்பவர்கள் தங்கம் வாங்குங்கள், பொம்மை மேல் பூசிய தங்கம் அல்ல, நகைக்கடைத் தங்கம்.

ஏலத்தில் சுத்தி விழும் விலை உங்கள் விலை அல்ல. 100 பவுண்டுக்கு விழுந்தால், வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்தால் 25, அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி 5, ஆக 130. இணையத் தளம் வழியாகக் கேட்டிருந்தால் அவர்களுக்கும் சில சதவீதம். அப்புறம் பார்சல். கை தூக்குவதற்கு முன்பே உச்சத் தொகையை எழுதி வைத்துவிடுங்கள், எழுதியதை மீறாதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் நான் எப்போதும் கேட்பது நாலு படம்: நேர் முதுகு, அடி, துளை பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, கழுத்து நெருக்கத்தில். "ஒட்டு, பூச்சு, மறு தங்கம் ஏதாவது உண்டா?" என்று எழுத்தில் கேட்பேன். "எனக்குத் தெரிந்து இல்லை" என்று பதில் வந்தால் அது பதில் அல்ல. முதுகுப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

பார்சல் கட்டச் சொல்லும்போது இரட்டைப் பெட்டி கேளுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மெல்லிய காகிதம் திணித்து, பிறகு குமிழித்தாள், பிறகு சிறிய பெட்டி, பிறகு அதைச் சுற்றி மூன்று விரல் இடம் விட்டுப் பெரிய பெட்டி. ஒரு தடவை சிக்கனம் பார்த்து ஒற்றைப் பெட்டியில் வரவழைத்தேன். குதிரை வந்தது, சவாரிக்காரர் வந்தார். இருவரும் தனித்தனியாக.

இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பிறகு அவர்களுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு நடக்காமல் போகலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் ஐரோப்பிய பொம்மை கிடைத்தால் அங்கேயும் கவிழ்த்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல 20-ஆம் நூற்றாண்டு ஜெர்மனி, ஜப்பான் சரக்கு. அழகுதான். விக்டோரியா இல்லை.

ஏழாவது படி: வீட்டில் வைப்பது

தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். வெடிப்பு வழியாகவும் துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே போய், அழுக்கை இழுத்துக்கொண்டு கறையாக வெளியே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, ஒரு கையகல இடமாகத் துடையுங்கள். தங்கத்தின் மேல் தேய்க்க வேண்டாம். பிளீச், புளி, பல்பொடி எதுவும் வேண்டாம். பித்தளைக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்குச் செய்த ஒரு வீட்டில் சிவப்பு முழுக்கப் போய், படைவீரர் வெள்ளையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அலமாரியில் சூடேறும் விளக்கு வேண்டாம். பூனையோ குழந்தையோ இருந்தால் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகு கடுகளவு எடுத்து அடியில் மூன்று இடத்தில் வையுங்கள், அசையாது. நவராத்திரியில் என் மனைவி கொலுவின் கடைசிப் படியில் கரிபால்டியை நிறுத்துவாள், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில். இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்னுடையதில் முதல் உண்மைப் பொம்மைக்கான பக்கம் இப்படி இருக்கிறது: "ஆண், நீலச் சட்டை, கையில் பறவை. தலைப்பு இல்லை, யார் என்று தெரியவில்லை. உயரம் 19 செ.மீ. துளை முதுகில், மிளகளவு. அடி விளிம்பில் மணல். வலது கை ஒட்டு, விற்றவரே சொன்னார். 22 பவுண்டு. நாய்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் கவிழ்த்துப் படம் எடுத்தேன்."